டிவிடி கஸ்டம் கவருக்கு ‘மறுவுறை’ வேணாமே, ‘மாற்றட்டை’?

எல்லாருக்கும் வணக்கம். பிடிச்ச படத்துக்கு நாமளே ஒரு கவர் டிசைன் பண்ணி, கம்பெனி போட்டத உருவிட்டு செருகி வைக்கிறோமே, அந்த கஸ்டம் கவருக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கிற பேச்சுல, ‘மறுவுறை’ன்னு இங்க ஒரு அண்ணன் சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு உறை உறுத்துது. டிவிடி பெட்டிய கையில எடுத்துப் பாருங்க, உறைன்னு சொல்லணும்னா வெளிய ஒட்டியிருக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கத்தான் சொல்லணும், நாம பண்றது அதுக்குள்ள மேலேருந்து சொருகுற ஒத்தத் தாள். அப்புறம் ‘மறு’ன்னாலே மறுபதிப்பு, மறுவெளியீடுன்னு கம்பெனி திரும்ப விட்டது மாதிரி ஆயிடுது.

‘மாற்று முகப்பு’ன்னு வெச்சாலும் ஒட்டல. முகப்புன்னா முன்பக்கம் மட்டும்தானே. தாளோட அகலம் 273 மி.மீ., உயரம் 183, முன்னாடி 129.5, பின்னாடி 129.5, நடுவுல முதுகு வெறும் 14. உசிர எடுக்கிறதே அந்த 14 தான், அலமாரில அடுக்கினா வெளிய தெரியிறதும் அது மட்டுந்தான். நான் முதல்ல பண்ணப்ப இங்கிலீஷ் எழுத்து உயரத்துக்கு அளவு வெச்சுட்டு அப்படியே தமிழ்ப் பேர ஒட்டிட்டேன், மடிச்சுப் பாத்தா ‘ழி’யோட மேல் கொக்கி முன்பக்கம் ஏறிடுச்சு, கீழ இருக்கிற சுழி பின்பக்கம் போயிடுச்சு, முதுகுல நடு உடம்பு மட்டும் நிக்குது.

அதனால என் ஓட்டு ‘மாற்றட்டை’. அட்டைப்படம்னு எல்லாருக்கும் பழகின சொல்லு, தாளா இருந்தாலும் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அட்டைன்னா ரத்தம் உறிஞ்சுறதும்தான்னு சிரிப்பீங்க, சிரிங்க. பேசிப் பாருங்க: ‘இந்தப் படத்துக்கு ஒரு மாற்றட்டை பண்ணேன்’, உக்காருது. ‘மறுவுறை பண்ணேன்’னா தலகாணிக்குத் தைச்ச மாதிரி இருக்கு.

ஒரே ஒரு சிக்கல், உள்பக்கம் இன்னொரு படம் அச்சடிச்சு திருப்பிப் போட்டுக்கோன்னு கம்பெனியே குடுக்கிறதும் உண்டு. அத ‘இருபுற அட்டை’ன்னு பிரிச்சிடலாம். பெட்டிக்கு மேல மாட்டுற அட்டைக் கூடு இருக்கே, அந்த ஸ்லிப்கவருக்கு வேணா மேலுறை, அங்க உறை சரியா வரும்.

அச்சடிக்கும்போது வெட்டுக் கோட்டத் தாண்டி படத்தக் கொஞ்சம் நீட்டி விடுவோமே, அந்த ப்ளீடுக்கு மட்டும் தயவு செஞ்சு ‘கசிவு’ன்னு போடாதீங்க, மை ஒழுகிடுச்சுன்னு நினைப்பாங்க. நான் இப்போதைக்கு ‘வெட்டு ஓரம்’னு எழுதுறேன், அச்சகத்துல வேலை பாத்தவங்க வேற சொல்லு வெச்சிருந்தா போடுங்க.