சப்மாட்யூலில் இசட்லிப்பை மாற்றியும் மேக் மறுபடி பில்ட் செய்யவில்லை

கேள்வி:
சி புரோஜெக்ட் ஒன்றில் இசட்லிப்பை (zlib, தரவைச் சுருக்கும் லைப்ரரி) கிட் சப்மாட்யூலாக (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவாக) உள்ளேயே வைத்து, ஸ்டாட்டிக்காக (பைனரிக்குள்ளேயே சேரும்படி) லிங்க் செய்கிறோம். 1.2.11-இலிருந்து 1.3.1-க்கு மாற்றினேன். சப்மாட்யூல் அப்டேட் முதலில் 'zconf' ஹெடரில் லோக்கல் மாற்றம் இருப்பதாகச் சொல்லி நின்றது, ஃபோர்ஸ் கொடுத்ததும் போனது. ஆனால் மேக் (make, பில்ட் கருவி) ஓட்டினால் செய்ய ஒன்றுமில்லை என்கிறது. இசட்லிப் ஆர்க்கைவுக்கான (.a ஃபைல்) ரூலில் முன்தேவை (எந்த ஃபைல் மாறினால் மறுபடி பில்ட் என்ற பட்டியல்) எதுவும் இல்லை. சோர்ஸ் ஃபோல்டரையே முன்தேவையாகப் போட்டுப் பார்த்தேன், இப்போது ஒவ்வொரு முறையும் கான்ஃபிகர் (பில்டைத் தயார்செய்யும் இசட்லிப்பின் ஸ்கிரிப்ட்) முதலிலிருந்து ஓடுகிறது. எப்போது பில்ட் தேவை என்று மேக்குக்கு எப்படிச் சொல்வது?

பதில் 1:
முன்தேவை இல்லாத ரூலில், ஃபைல் இருந்தாலே மேக்குக்குப் போதும், உள்ளே எந்த வெர்ஷன் என்று அது பார்க்காது. ஃபோல்டரை முன்தேவையாக வைப்பது இரண்டு பக்கமும் தவறும். ஃபோல்டரின் நேரமுத்திரை அதற்குள் ஃபைல் சேரும்போதும் நீங்கும்போதும் பெயர் மாறும்போதும்தான் நகரும், இருக்கும் ஃபைலுக்குள் ஒரு வரியைத் திருத்தினால் நகராது. அதே சமயம் ஆர்க்கைவ் உருவான பிறகு அதே ஃபோல்டரில் டெஸ்ட் புரோகிராம்கள் வந்து விழுவதால், ஃபோல்டர் எப்போதும் ஆர்க்கைவைவிடப் புதிதாகவே தெரியும்.

ஸ்டாம்ப் ஃபைல் (பில்டின் நிலையைப் பதிந்து வைக்கும் சிறு ஃபைல்) வையுங்கள். அதில் எழுத வேண்டியவை: சப்மாட்யூலின் கமிட் ஹேஷ், கமிட் ஆகாத மாற்றங்களின் டிஃபுக்கு (மாறிய வரிகளின் பட்டியல்) ஒரு ஹேஷ், கம்பைலர் வெர்ஷன், கம்பைலர் ஃப்ளாக்குகள், கான்ஃபிகர் ஆப்ஷன்கள். ஒவ்வொரு மேக்கிலும் இதைத் தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் மாற்றி வையுங்கள். ஒன்றாக இருந்தால் தொடவே கூடாது, தொட்டால் நேரமுத்திரை மாறி மறுபடி அதே தொல்லை. ஆர்க்கைவ் ரூலின் முன்தேவை இந்த ஸ்டாம்ப். கடைசி பைனரியின் ரூலில் ஆர்க்கைவும் முன்தேவையாக இருக்க வேண்டும், பலரும் லிங்க் வரியில் மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2:
மேலே சொன்னதில் டிஃப் ஹேஷை விட்டுவிடாதீர்கள். 'டர்ட்டி' (கமிட் ஆகாத மாற்றம் உண்டு) என்ற ஒரு சொல்லை மட்டும் பதிந்தால் முதல் திருத்தம் பிடிபடும். இரண்டாவது திருத்தத்திலும் அதே சொல்தான் வரும், பில்ட் நடக்காது. கிட் டிஃபில் கிட் அறியாத புது ஃபைல்களும் வராது, அவற்றைத் தனியாகச் சேருங்கள்.

இன்னொன்று, பில்டை சோர்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் செய்யுங்கள். இசட்லிப் ரெப்போவில் மேக்ஃபைலும் zconf ஹெடரும் கிட்டில் பதிவான ஃபைல்கள். கான்ஃபிகர் இரண்டையும் மாற்றி எழுதும். உங்கள் அப்டேட் நின்றதற்குக் காரணம் அதுதான். உள்ளேயே பில்ட் செய்தால் டிஃப் ஹேஷும் பில்டுக்குப் பிறகு மாறிவிடும். ஸ்டாம்ப் மாறியதும் அந்த பில்ட் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஃப்ளாக்குகள் கான்ஃபிகர் நேரத்திலேயே மேக்ஃபைலில் பதிந்துவிடும், பழைய ஆர்க்கைவ் இருந்தால் நீக்கப்பட்ட சோர்ஸின் ஆப்ஜெக்ட்டும் (கம்பைலான ஃபைல்) அதில் தங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இப்போது ஆர்க்கைவ் புதிதாகிறது, நன்றி. ஆனால் ஹெடரில் உள்ள வெர்ஷனை அச்சிட்டால் 1.2.11, லைப்ரரியையே கேட்டால் 1.3.1. எப்படி?

பதில் 1:
இசட்லிப் ஹெடர்களை 'isystem' ஆப்ஷனால் சேர்த்திருப்பீர்கள், அப்போது அவை சிஸ்டம் ஹெடர்களாகக் கருதப்படும். ஜிசிசி கம்பைலரின் 'MMD' ஆப்ஷன் சிஸ்டம் ஹெடர்களைச் சார்புப் பட்டியலில் (எந்த ஆப்ஜெக்ட் எந்த ஹெடரைச் சார்ந்தது என்று மேக்குக்குச் சொல்வது) எழுதாது, அதனால் உங்கள் ஆப்ஜெக்ட்டுகள் பழைய ஹெடரோடு நிற்கின்றன. 'MD' என்று மாற்றி, ஒருமுறை எல்லாவற்றையும் கிளீன் செய்து பில்ட் செய்யுங்கள். இசட்லிப் இதைத் தானே பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம்: இன்ஃப்ளேட்டை (சுருக்கியதை விரிக்கும் பகுதி) தொடங்கும்போது வெர்ஷனின் முதல் எழுத்தையும் ஸ்ட்ரீம் அமைப்பின் அளவையும்தான் சரிபார்க்கிறது. இரண்டுமே 1-இல் தொடங்குவதால் வெர்ஷன் பொருந்தவில்லை என்னும் −6 என்ற பிழை வராது.

பதில் 3:
சரிபார்க்க 'strings' கருவியால் பைனரியில் டிஃப்ளேட் (சுருக்கும் பகுதி) காப்புரிமை வரியைத் தேடுங்கள். 1.2.11 என்றால் 1995-2017 என்றும், 1.3.1 என்றால் 1995-2024 என்றும் இருக்கும். சிஐயிலும் (தானியங்கி பில்ட், சோதனை) இதைப் போடுங்கள், 1.2.12-இல் சரிசெய்த நினைவகச் சிதைவு (பாதுகாப்புக் குறை எண் சிவிஇ-2018-25032) பழைய ஆர்க்கைவில் அப்படியே இருக்கும். ரூல் ஏன் ஓடியது என்று பார்க்க, மேக் 4.0 முதல் 'trace' ஆப்ஷன் உண்டு.