பவர் சப்ளை மாற்றிய பிறகும் திரை வரவில்லை: சுங்கை சிப்புட் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக் கணினி, அக்டோபர் மாதத்து மாலை இடிமழையில் சட்டென்று அணைந்தது. அதன்பின் பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. பட்டணத்துக் கடையில் சோதித்து, கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளை போய்விட்டது என்று உறுதி செய்தார்கள்.

புதியதை வாங்கிவந்த அக்காள் மகன், பழைய ஒயர்களை அப்படியே விட்டுவிட்டுப் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் மாற்றலாமா என்று தொலைபேசியில் கேட்டான். கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒயர்களைத் தனியே கழற்றக்கூடிய பவர் சப்ளைகளில், ஹார்ட் டிஸ்க்கில் செருகும் முனை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் முனைக்கோ பொதுவான ஒழுங்கு கிடையாது. வடிவம் பொருந்தி உள்ளே போய்விட்டாலும், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடக்கூடும். பவர் சப்ளையை மறுபடி வாங்கிவிடலாம்; அக்காள் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த குடும்பப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

ஒயர்களை எல்லாம் மாற்றிப் பொருத்திய பிறகு, "மாமா, ஃபேன் எல்லாம் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல" என்றான். பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டும் போயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்று கடைக்காரர் கணினிப் பெட்டியைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிட்டார். பல நூறு ரிங்கிட் செலவு வைக்கும் முடிவை அவ்வளவு எளிதாகச் சொல்லியது எனக்கு வருத்தமாக இருந்தது.

நேரில் போய், பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்த்தபோது, மதர்போர்டில் ராம் எனும் நினைவகத்தைச் செருகும் இடத்தருகே, ப்ராசஸரைக் குறிக்கும் 'சிபியு' என்று பொறித்த சிறு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைவிளக்கு அடித்து மேல் இடது மூலையைப் பார்த்தேன். ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் 8 முள் இணைப்பு, நான்கு நான்காகப் பிரியும் வகை. ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் நிழலில் அதன் இரண்டு பாதிகளும் கொக்கி மாட்டாமல் சற்றே தூக்கிக்கொண்டு நின்றன. மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 முள் இணைப்பு சரியாக இருந்ததால் ஃபேன்கள் சுற்றின. ப்ராசஸருக்கு மட்டும் மின்சாரம் போய்ச் சேரவில்லை. பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தியதும் திரை வந்தது.

அத்துடன் தொல்லை தீரவில்லை. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வர, வைரஸ் என்று பையன் பதறினான். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்ததே காரணம். மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருந்திருக்கிறது; கணினி மின்சாரமின்றிக் கிடந்த நாட்களில் கடிகாரம் நின்றுவிட்டது. 3 வோல்ட் பேட்டரிதான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைத்தது. அதை மாற்றி, தேதியைத் திருத்தியதும் எச்சரிக்கைகள் மறைந்தன.

மோடத்திலிருந்து வரும் ஒயரைச் செருகும் துளை மட்டும் உயிர் பெறவில்லை. மின்னல் அந்த வழியாகவும் வந்திருக்க வேண்டும். அதற்காகவும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை; யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய அடாப்டர் ஒன்று போதுமானதாக இருந்தது. இடி கேட்டால் மின்சாரப் பிளக்கோடு மோடம் ஒயரையும் கழற்றிவிடும்படி அக்காளிடம் சொல்லியிருக்கிறேன்.