1939 வெம்பிளி: நடக்காத இறுதிப் போட்டியைப் பற்றி நாங்கள் கேட்டவை

மான்செஸ்டரில் குடியேறிய பிறகு, பெல் வியூ அணியின் பந்தயங்களைப் பார்த்துத்தான் ஸ்பீட்வே என்னும் மோட்டார்சைக்கிள் பந்தயம் எனக்கு அறிமுகமாயிற்று. பிரேக்கே இல்லாத, ஒரே கியர் கொண்ட 500 சிசி வண்டிகளில் நால்வர், பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடப்புறமாகவே வளைந்து நான்கு சுற்று ஓட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கே அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், 1939-இன் உலகச் சாம்பியன் யார் என்று என்னிடம் கேட்டார். அந்த ஆண்டு சாம்பியனே இல்லை என்றேன். தம் தந்தையின் காலம் முதல் தங்கள் வீட்டில் அந்தப் பட்டம் அமெரிக்கரான கார்டி மில்னுக்கே உரியது என்றார் அவர்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அன்றைய முறைப்படி, தகுதிச் சுற்றுகளில் ஈட்டிய போனஸ் புள்ளிகள் இறுதிப் போட்டியின் புள்ளிகளோடு சேர்க்கப்படும். கார்டி 8 போனஸ் புள்ளிகளோடு முன்னணியில் இருந்தார். முந்தைய ஆண்டு வென்ற ப்ளூயி வில்கின்சன் ஓய்வு பெற்றுவிட்டதால் பட்டத்தைக் காக்க வரவில்லை. இறுதிப் போட்டி செப்டம்பர் 7, வியாழக்கிழமை, லண்டனின் வெம்பிளி அரங்கில் நடக்கவிருந்தது. செப்டம்பர் 3, ஞாயிறன்று பிரிட்டன் போர் அறிவித்தது. மக்கள் திரளும் பொழுதுபோக்கு இடங்களை மூடும்படி அரசு உத்தரவிட்டது. இடையில் நான்கே நாட்கள். முந்தைய மாதங்களில் ஓடிய ஓட்டமெல்லாம் கணக்கில் இருக்க, கணக்கை முடித்துவைக்க வேண்டிய இரவு மட்டும் இல்லாமல் போனது.

ஆனாலும் நான் அவரோடு உடன்படவில்லை. இறுதிப் போட்டியில் ஒருவர் ஐந்து பந்தயங்களில் ஓடி, வெற்றிக்கு மூன்றாக 15 புள்ளிகள் வரை பெறலாம் என்னும்போது, கையிலிருந்த எட்டுப் போனஸ் புள்ளி, எட்டக்கூடிய மொத்தம் 23-இல் பாதி வழிகூட அல்ல.

* * *

இதே விவாதத்தை நான் சிட்னியில், பழைய பந்தய நிகழ்ச்சி நிரல்களைச் சேகரிக்கும் ஒருவரிடம் வேறு கோணத்தில் கேட்டேன். கார்டிக்காக வருந்துவோர் 1936-ஐ மறந்துவிடுகிறார்கள் என்பது அவரது வாதம். முதல் உலக இறுதிப் போட்டியான அதில் வில்கின்சன் ஐந்து பந்தயங்களையும் வென்றார். ஆனால் போனஸ் புள்ளிகள் குறைவாக இருந்ததால் மூன்றாமிடமே கிடைத்தது. முதலிடத்தில் சமநிலையில் இருந்த லயனல் வான் பிராக்கும் எரிக் லாங்டனும் தனிப்பந்தயம் ஓட, வான் பிராக் பட்டம் வென்றார். கார்டியை முன்னே நிறுத்திய அதே போனஸ் முறைதான் வில்கின்சனைப் பின்னுக்குத் தள்ளியது. (போரில் அந்த வான் பிராக் விமானியாகி, சுறாக்கள் திரியும் கடலில் காயமுற்ற தோழர்களைக் காப்பாற்றியதற்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார் என்பதைச் சொல்லாமல் அந்தச் சேகரிப்பாளரால் பேச்சை நகர்த்த முடியவில்லை.) வில்கின்சன் 1940-இல் சிட்னியில் சாலை விபத்தில் இறந்தார்.

உலகப் பட்டப்போட்டி மீண்டும் நடக்க 1949 ஆயிற்று. அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில், வெம்பிளியில் டாமி பிரைஸ் ஐந்து பந்தயங்களையும் வென்று, 15 புள்ளிகளோடு முதல் ஆங்கிலேயச் சாம்பியனானார். போனஸ் புள்ளி என்ற பேச்சே அப்போது இல்லை. கார்டி மில்ன் ஒருபோதும் உலகச் சாம்பியன் ஆகவில்லை.