யாகுட்ஸ்க்கில கிணறு ஏன் இல்லை?

கேள்வி: யாகுட்ஸ்க், ரஷ்யாவின்ர சைபீரியாவில லேனா ஆத்தங்கரையில இருக்கிற ஊர். எங்கடை பக்கம் சுண்ணாம்புக்கல்லை உடைச்சாத் தண்ணி. அங்கை?

பதில் 1: நிலமே உறைஞ்சு கிடக்கு தம்பி. 1828இல ஷெர்கின் எண்ட வியாபாரி கிணறு வெட்டத் தொடங்கி, 1837 வரை 116 மீற்றர் இறங்கினார். அடியிலும் உறைமண்தான்! 1844இல மிடென்டோர்ஃப் எண்ட விஞ்ஞானி அதுக்குள்ள வெப்பநிலை அளந்தார்.

பதில் 2: வீடு கட்டிறதும் அதாலதான் சிக்கல். அத்திவாரம் நிலத்தோட ஒட்டினால் வீட்டுச் சூடு இறங்கி, ஐஸ் உருகி, சுவர் வெடிக்கும். அதுக்காகக் கொங்கிறீட் தூண் இறக்கி, கீழ காத்தோட்டமா இடைவெளி விடுவினம். சுடுதண்ணிக் குழாயும் நிலத்துக்கு மேலாலைதான்.

கேட்டவர்: அப்ப குடிக்க?

பதில் 1: நகரத்துக்கு ஆத்துத்தண்ணி. கிராமங்களில ஏரி ஐஸை வெட்டி அடுக்கி வைச்சு, உருக்கிக் குடிப்பினம்.

பதில் 3: நிலத்தடியில தண்ணியே இல்லை எண்டில்லை. அதே யாகுட்டியாப் பிரதேசத்தில 1955இல கண்டுபிடிச்ச மிர் வைரச் சுரங்கத்தில தலையிடியா இருந்ததே நிலத்தடி உவர்த்தண்ணிதான்.