மறு: 12 வோல்ட் டிரிகருக்குத் தமிழ்ச் சொல்: "தூண்டல்" வேண்டாமே

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே,

> டிரிகர் சுவிட்ச் என்பதைத் தூண்டல் ஆளி எனலாம். தூண்டுவதுதானே அதன் வேலை?

அதன் வேலை தூண்டுவதுதானா என்பதில்தான் எனக்குத் தயக்கம். 12 வோல்ட் டிரிகர் என்பது, ஓர் ஒலிக்கருவியைப் போட்டதும் அதோடு இணைந்த இன்னொன்றும் இயங்க, முதல் கருவி அனுப்பும் சிறு மின்னழுத்தம்.

என்னிடம் குவாட் 303 பவர் ஆம்ப்ளிஃபையர் (ஒலிபெருக்கிகளை இயக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1967-இல் வெளிவந்த வடிவம். அதில் ஆன்-ஆஃப் பொத்தானே கிடையாது. அதன் ஜோடியான குவாட் 33 பிரீஆம்ப்பின் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் முன்பெட்டி) முதுகில் உள்ள சாக்கெட்டில் 303-இன் மின்வயரைச் செருக வேண்டும். 33-ஐப் போட்டால் 303-உம் உயிர்பெறும். என் வீட்டில் 33 இல்லை. அந்த இடத்தில் புதிய ரிசீவர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்புறம் 3.5 மி.மீ. துளை. ரிசீவர் இயங்கும்வரை அதில் 12 வோல்ட் இருக்கும். உறங்குநிலைக்குப் போனால் சுழியம். இந்த 12 வோல்ட்டைக் கேட்க 303-க்குக் காது இல்லை. அதனால் நடுவில் ஒரு ரிலே (சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஆளி) பெட்டி செய்து வைத்தேன். ரிலேச் சுருள் 400 ஓம், ஆக 30 மில்லியாம்பியர். என் ரிசீவர் 100 மில்லியாம்பியர் வரை தரும். ரிமோட்டை அழுத்தினால் பெட்டிக்குள் "டக்" என்று ஓர் ஓசை, 303-க்கு 230 வோல்ட் போய்விடுகிறது.

சுருளின் குறுக்கே ஒரு டயோடை (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) திருப்பிப் போட்டிருக்கிறேன். அது எதற்கென்று குறிப்பு எழுத உட்கார்ந்தபோது வந்த வரி இது: "தூண்டல் நின்றதும் சுருளில் தூண்டல் மின்னழுத்தம் எழும்." முதல் தூண்டல் டிரிகர், இரண்டாவது மின்தூண்டல். எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். மின்தூண்டல் பாடநூலில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். அந்த வீட்டிலேயே இன்னொருவரை வாடகைக்கு வைக்க முடியாது.

"விசை" என்றாலும் இதே நெரிசல்தான்: இயற்பியலில் அது ஒன்று, விசைப்பலகையில் வேறொன்று. நண்பர் ஒருவர் சொன்ன "ஏவல்" எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அலமாரிக்குப் பின்னால் ஏவல் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் என் மாமியார் மறுநாளே பூசாரியோடு வந்து நிற்பார்.

ஆங்கிலப் பெயரே இங்கே பொருந்தவில்லை என்பது என் எண்ணம். துப்பாக்கியின் குதிரையை ஒருமுறை இழுத்தால் குண்டு போய்விடும். அதன்பின் விரலுக்கு வேலை இல்லை. இந்த 12 வோல்ட் அப்படி அன்று. அது இருக்கும்வரைதான் ஆம்ப்ளிஃபையர் இயங்கும். எழுப்புதல் ஒரு கணச் செயல். விழித்திருத்தல் ஒரு நிலை. உறங்குநிலை என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது அதன் எதிர்ச்சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே. ரிசீவரில் இருப்பது விழிப்பு வெளிமுனை, வாங்கும் கருவியில் இருப்பது விழிப்பு உள்முனை, என் பெட்டி விழிப்பு ஆளி.

ஒன்றை மறந்துவிட்டேன். மென்பொத்தான் (அழுத்திவிட்டால் திரும்பி எழுந்துவிடும் பொத்தான்) வைத்த கருவிகள் சிலவற்றுக்கு இந்தப் பெட்டி உதவாது. மின்சாரம் வந்தாலும் அவை உறங்குநிலையிலேயே கிடக்கும். அழுத்தினால் அழுந்தியே நிற்கும் பழைய பொத்தான் உள்ளவற்றுக்கும், 303 போல் பொத்தானே இல்லாதவற்றுக்கும்தான் இது.

அன்புடன்,
303-காரன்

---

தம்பி,

டயோடு வரியைப் படித்தபின் தூண்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "விழிப்பு" நன்றாக இருக்கிறது. ஆனால் சேர்த்து எழுதிவிடாதீர்கள். "விழிப்பாளி" ஆகிவிடும், உழைப்பாளி, படைப்பாளி வரிசையில் அவரும் ஓர் ஆளாகி, சங்கம் வைத்துவிடுவார்.

ஆளி இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல், எனக்குத் தடையில்லை. தமிழ்நாட்டில் பலருக்கு அது விதை. உங்கள் பெட்டியின் மேல் "விழிப்பு" என்று மட்டும் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் வீட்டில் யார் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். "டக்குப் பெட்டி" என்று அழைத்தால் அதையும் பட்டியலில் சேர்ப்போம்.