விரிசல் விட்ட தேவாலய மணி: உருக்குவதா, பற்றவைப்பதா?

வெண்கலக்குரல்:
கிராமத்துத் தேவாலயத்தின் பழைய மணிகளைச் சீரமைப்பது பற்றி வார்ப்புக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விரிசல் விட்ட மணியை உருக்கி வார்த்தாலும் அதே உலோகம், அதனால் அதே மணிதானாம்! பொறித்த எழுத்து போச்சு, வார்த்தவர் கைத்தடம் போச்சு, அந்தக் குரலும் போச்சு. எப்படிங்க அதே மணி?

வார்ப்புக்காரர்:
அதே உலோகம்தான். நூற்றுக்குச் சுமார் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். உருக்கினால் மாறிவிடுமா? விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரிதான் கரகரக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துச் சுதந்திர மணியையே 1753-ல் உருக்கித்தான் வார்த்தார்கள்.

வெண்கலக்குரல்:
பாதிக் கதையோடு வருகிறீர்கள். அப்போது செம்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், சத்தம் சகிக்கவில்லை, அதே வருஷம் மறுபடி உருக்கினார்கள், அதுவும் பின்னால் விரிசல் விட்டது. இதுதான் உங்கள் அதே உலோகமா? லண்டன் கடிகாரக் கோபுரத்து மணி பிக் பென் 1859-ல் விரிசல் விட்டபோது உருக்கவில்லை. மணியைக் கொஞ்சம் திருப்பி, சுத்தியலை இலேசாக்கினார்கள். இன்றும் அடிக்கிறது.

கயிற்றுக்காரன்:
விரிசல் ஏன் வந்தது என்று இரண்டு பேரும் பார்க்கவே இல்லை. நாக்கு தொங்கும் இரும்புக் கொக்கியைப் பழைய மணிகளில் வார்க்கும்போதே உச்சியில் பதித்துவிடுவார்கள். துருப் பிடித்தால் இரும்பு உப்பும், வெண்கலம் பிளக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன், கொக்கியைச் சுற்றி மயிரிழை மாதிரி மூன்று கோடு. முதலில் கொக்கியை எடுங்கள்.

வார்ப்புக்காரர்:
மணிக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று போன மாதம் எழுதியவர்தானே நீங்கள்?

கயிற்றுக்காரன்:
மணி தொங்கும் சட்டத்துக்குச் சொன்னேன். மணிக்கு இல்லை. படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?

வெண்கலக்குரல்:
பெயிண்ட் சண்டையை அப்புறம் போடுங்கள். பற்றவைக்க வழி இருக்கிறது. மணி முழுவதையும் மெதுவாகச் சூடேற்றி, அதே கலவைக் கம்பியால் விரிசலை நிரப்பி, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் இன்னொரு விரிசல் விழும். அதற்குப் பொறுமை வேண்டும், உங்களிடம் அதுதான் இல்லை.

வார்ப்புக்காரர்:
கம்பி மட்டும் அதே கலவையாக இருக்கலாம், நான் சொன்னால் குற்றமா? முப்பது வருஷம் உலை முன்னால் நின்றவனுக்குப் பொறுமை பற்றிப் பாடம் வேண்டாம். அதே உலோகம்தான்.

வெண்கலக்குரல்:
முப்பது வருஷத்தில் எத்தனை பழைய குரலை உருக்கினீர்கள், அந்தக் கணக்கை முதலில் எழுதுங்கள்.

கயிற்றுக்காரன்:
கொக்கியைப் பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.