சோளத்தட்டுக் குடில்: ஊருக்குப் போகாத கிறிஸ்துமஸ்

திருப்பூரிலிருந்து எழுதும் உறுப்பினர்:

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸை வெளியூரில் கழித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று நம் குழுவில் கேட்டிருந்ததால், 2024 டிசம்பரில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். திருமணமாகி இங்கே வந்து 8 ஆண்டுகள் ஆகியும் அதுவரை ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நாங்கள் இந்த ஊரில் இருந்ததில்லை. கோவையிலிருந்து நாகர்கோவில் செல்லும் இரவு ரயிலில் ஏறிப் படுத்து, காலையில் ஊரில் இறங்குவதுதான் வழக்கம்.

அந்த ஆண்டும் ஆகஸ்டிலேயே பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்தோம். அப்போது 120 நாள்களுக்கு முன்பே எடுக்க முடிந்தது. ஆனால், வெளிநாட்டு வாங்குநர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக அலுவலகத்தை மூடுவதற்குள் தங்கள் சரக்கு கப்பலேற வேண்டும் என்று நெருக்கியதால், டிசம்பர் 26 வரை யாருக்கும் விடுப்பு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய பண்டிகைக்காக எங்களுடைய பண்டிகை நின்றது. போதாக்குறைக்கு அந்தச் சரக்குப் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான் போயின. "பனியன் பாதி வழி வரைக்கும் ஊருக்குப் போகிறது, நாம்தான் போகவில்லை" என்று என் கணவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூத்தவளுக்கு அப்போது 6 வயது, சின்னவனுக்கு 3. பரிசுக்கும் புத்தாடைக்கும் அழுவார்கள் என்று எண்ணி அவற்றையெல்லாம் முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். மூத்தவள் அதில் எதையும் கேட்கவில்லை. "குடிலை யார் கட்டுவாங்க?" என்றுதான் கேட்டாள். ஊரில் என் மாமனார் டிசம்பர் நடுவிலிருந்தே மூங்கில் சீவத் தொடங்கிவிடுவார். குடிலில் வைக்கும் சுரூபங்கள், அதாவது சிறு சிலைகள் எல்லாம் அவருடைய மரப்பெட்டியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி இருக்கும். குழந்தை இயேசுவின் சுரூபத்தை மட்டும் முதலிலேயே வைக்க மாட்டார். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகு, வீட்டிலேயே சிறிய பிள்ளையின் கையால் வைக்கச் சொல்வார். அந்த ஆண்டு அது சின்னவனுடைய முறை என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அவள் மறக்கவில்லை.

கடையில் ஒரு சுரூபத் தொகுப்பு வாங்கி வந்து 23ஆம் தேதி மாலை பெட்டியைப் பிரித்தேன். மரியாள் இருந்தார், சூசையப்பர் இருந்தார், மூன்று ஞானிகள், மாடு, கழுதை, ஒரு ஒட்டகம்கூட இருந்தது. குழந்தை இல்லை. கடைக்கு ஓடியபோது அது ஒன்றுதான் கடைசிப் பெட்டி என்று கையை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்து சொன்னதும் இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள்.

நாங்கள் குடியிருப்பது அவிநாசி போகும் வழியில், ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டு மாடியில். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாவைப் பிள்ளைகள் அம்மாயி என்றே கூப்பிடுவார்கள். அழுகைச் சத்தம் கேட்டு அவர் மேலே வந்தார். "ஏனம்மணி, புள்ளைங்க எதுக்கு இப்படி அழுவுது?" என்று கேட்டார். குடிலில் குழந்தை இல்லை என்று நான் விளக்கிச் சொல்ல, "பொறந்த கொழந்தைதானே வேணும், இரு வாரேன்" என்று இறங்கிப் போனவர், தம் ஷோகேஸில் இருந்த ஒரு பீங்கான் பொம்மையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். விரல் சூப்பியபடி தூங்கும் குழந்தை அது. அழகான பொம்மைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை; ஆனால் மரியாளைப் போல இரண்டு மடங்கு இருந்தது. ஜெபமாலை சொல்லி வளர்ந்த எனக்குக் கொஞ்சம் தயக்கமாகவும் இருந்தது. மூத்தவள் பொம்மையையும் மரியாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லா சாப்பிடுற பிள்ளை" என்று முடிவு சொல்லிவிட்டாள்.

அடுத்த தடை வைக்கோல். ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமே இல்லை. இங்கே இவர்களுடையது மேட்டாங்காடு, நெல் கிடையாது. மறுநாள் காலை அம்மாயி பிள்ளைகளைக் கட்டுத்தரைக்கு அழைத்துப் போய், மாட்டுக்குப் போடும் சோளத்தட்டில் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். கட்டுத்தரை என்பது மாடு கட்டும் இடத்துக்கு இங்கே வழங்கும் சொல். அங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் என்று நான் எத்தனையோ முறை கதையாகச் சொல்லியிருக்கிறேன், சாணி வாசமும் ஈயும், தட்டை மெல்லும் மாட்டின் மூச்சுமாக இருந்த இடத்தைப் பார்த்த பிறகு, "இங்கயா அந்தக் குழந்தைய படுக்க வெச்சாங்க, மாடு மிதிச்சிராதா?" என்று சின்னவன் கேட்டான். சோளத்தட்டில் கூரை வேய்ந்த குடில் ஒருபுறம் சாய்ந்தே நின்றது. கணவர் இரவு 9 மணிக்கு வந்து, தைக்கும் நூலால் நான்கு முடிச்சுப் போட்டு நிமிர்த்தினார்.

திருப்பலிக்குப் போவதைப் பற்றி ஒரு குறிப்பு. சின்னவனை மாலை 6 மணிக்கே சாப்பிட வைத்துத் தூங்கவைத்து, 10.30க்கு எழுப்பிக் கூட்டிப்போனோம். உன்னதங்களிலே கீதம் பாடி மணி அடிக்கும் வரை விழித்திருந்தான், மறையுரையில் தூங்கினான். வீடு திரும்ப 2 மணி ஆயிற்று. பாதித் தூக்கத்தில் அவன் அந்தப் பெரிய குழந்தையை இரண்டு கைகளாலும் தூக்கி வைத்ததில் ஒரு ஞானி விழுந்து தாடி உடைந்தது. படுத்துக் கண் அயர்வதற்குள் மார்கழி 10ஆம் நாளுக்குரிய திருப்பாவை மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில் தொடங்கிவிட்டது. எழுந்து வெளியே பார்த்தால், அம்மாயி வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிக்கொண்டிருந்தார். அதற்கு நேர் மேலே எங்கள் காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. மூத்தவள் இறங்கிப் போய் ஒரு பூவை வாங்கி வந்து குடிலில் வைத்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

மற்றவை சாதாரணமாக நடந்தன. முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு ஊர்க் கருப்பட்டி தீர்ந்துபோனதால் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டேன். நிறம் வெளுத்து, சுவையும் ஒரு படி கீழேதான். மாலையில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குப் பேருந்தில் போய்வந்தோம். 2019இல் பசிலிக்கா என்ற தகுதி பெற்ற பழைய ஆலயம் அது. திருவிழா அக்டோபரில் வருவதால், நாங்கள் போன நேரத்தில் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் தாராளமாக இருந்தது.

கோவையிலிருந்து எழுதும் உறுப்பினர்:

எங்களுடையது வேறு வகை. ஊருக்குப் போக முடியாமல் இல்லை. உறவினர் கூட்டமும் சமையலும் இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் வேண்டும் என்று நாங்களாகவே வால்பாறைக்குப் போனோம். 4 வயதுப் பையனும் 8 மாதக் கைக்குழந்தையும் உடன் இருந்தார்கள். ஆழியாறைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பதைத் தெரிந்தே போனோம், ஆனால் பொள்ளாச்சியில் பையனுக்கு வயிறு நிறைய இட்லியும் பாலும் கொடுத்துவிட்டு ஏறினோம். 13ஆவது வளைவில் தொடங்கி மேலே போகும் வரை மூன்று முறை வண்டியை நிறுத்தினோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் மலையேறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிட வேண்டும், மாற்று உடையை வண்டியின் பின்பெட்டியில் அடியில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் தங்கியது தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு பழைய வீடு. வராந்தாவில் தொங்கவிடுவதற்காகப் பையன் வீட்டிலிருந்தே ஒரு நட்சத்திர விளக்கைக் கொண்டுவந்திருந்தான். 24ஆம் தேதி இருட்டிய பிறகு அதை முற்றத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் உறுதியாக மறுத்துவிட்டார். "சிறுத்த நடமாட்டம் இருக்குங்க, சின்னப் பசங்கள இருட்டுல வெளிய விடக்கூடாதுங்க" என்றார். யானைகள் சாலைக்கு அருகில் நிற்கும்போது ஓட்டுநர்களை எச்சரிக்க வால்பாறையில் சிவப்பு விளக்குகள் வைத்திருப்பதையும், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருவதையும் அவர்தான் சொன்னார். ஆகவே, கோவையிலிருந்து இத்தனை தூரம் சுமந்து வந்த நட்சத்திரத்தை ஜன்னல் கம்பியில் உள்பக்கமாகக் கட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தோம். அன்றிரவு பாட்டு பாடிச் செல்வோர் யாரும் வரவில்லை. வீட்டில் இருந்திருந்தால் எங்கள் சபையின் வாலிபர்கள் 1 மணிக்குக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று என் மனைவி இரண்டு முறை சொன்னார். அமைதி வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான்.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போன இடத்தில், பின்வரிசைகளில் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருந்த குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் முடிந்த பிறகு அவர்கள் வாசலில் வட்டமாக நின்று தங்கள் மொழியில் பாடினார்கள். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் பையன் வயதுதான்; ஒருவன் இவன் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டான். நாங்கள் நான்கு நாள் கழித்து 100 கிலோமீட்டர் சொச்சம் கீழே இறங்கினால் வீடு வந்துவிடும். அவர்கள் எத்தனை கிறிஸ்துமஸாக ஊருக்குப் போகவில்லை என்று கேட்க எனக்கு மொழியும் இல்லை, வாயும் வரவில்லை. என் மனைவி கொண்டுவந்திருந்த கேக்கை அங்கேயே வெட்டிவிட்டோம்.

இனி விடுதிக்குப் போவதென்றால் டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகுதான் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம்.

நாமக்கல்லிலிருந்து எழுதும் உறுப்பினர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். 24ஆம் தேதி இரவு விருந்து கட்டாயம் என்பதை 20 வளைவுகளையும் ஏறி, சாவி வாங்கப் போன பிறகுதான் சொன்னார்கள். 2 வயதுக் குழந்தைக்கும் பாதிக் கட்டணம். விருந்து தொடங்கியதே இரவு 9.30க்கு, அதற்குள் குழந்தை தூங்கிவிட்டாள். விடுதியார் ஏற்பாடு செய்திருந்த கிறிஸ்துமஸ் தாத்தா மைக்கைப் பிடித்து "ஹோ ஹோ" என்று அலறியதில் விழித்து, விடியும் வரை எங்கள் கழுத்தை விடவில்லை. முன்பணம் கட்டும் முன் அன்றைக்குக் கட்டாய விருந்து உண்டா, எத்தனை மணிக்கு, குழந்தைக்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஊரில் இருந்து அழைத்து, "ஒரு வார்த்தைகூடச் சொல்லாமக் கொள்ளாம போனீங்களே, நல்லா வேணும்" என்று சிரித்த என் அண்ணியை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

திருப்பூரிலிருந்து எழுதும் உறுப்பினர் மீண்டும்:

தனிச் செய்தியில் இருவர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: பழக்கமில்லாத ஊரில் பாட்டுக் குழுவினரை வீட்டுக்கு வரவழைப்பது எப்படி? நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வருகிறது என்று நவம்பர் கடைசிக்குள் பங்கு அலுவலகத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள். நாங்கள் டிசம்பர் 15க்குப் பிறகு போனதால், பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனாலும், 22ஆம் தேதி இரவு வேறு வீட்டைத் தேடி வழிதவறிய ஒரு குழு எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு மேளத்தோடு மாடி ஏறி வந்தது. கீழ்வீட்டில் அம்மாயி அனைவருக்கும் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார்.

வால்பாறைப் பதிவைப் படித்த பிறகு, எங்கள் கம்பெனியில் பிள்ளைகளோடு இருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களில் கிறிஸ்தவர்கள் யாரேனும் இருக்கிறார்களா என்று கணவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டு நாங்கள் ஊருக்குப் போகிறோம். இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் பயணச்சீட்டு எடுக்க முடியும் என்பதால், அன்று காலை 8 மணிக்கே இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நான்கு பேருக்கும் படுக்கை வாங்கிவிட்டோம். பீங்கான் குழந்தையையும் கூட்டிப்போக வேண்டும் என்கிறாள் மூத்தவள். மாமனாரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஒரு தொழுவத்தில் இரண்டு குழந்தைகளா என்று சற்று யோசித்துவிட்டு, வரட்டும், பின்னால் ஆட்டுக்குட்டிகளோடு படுக்க வைக்கலாம் என்றார். அம்மாயியிடம் சொன்னபோது பொம்மையைத் தையில் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றவர், புதுச் சோளத்தட்டில் ஒரு கட்டைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். ஆறடி நீளத் தட்டுக்கட்டை நாகர்கோவில் ரயிலில் எந்தப் படுக்கைக்குக் கீழே வைப்பது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் வழக்கு.